கிருமி வேஷம்

நம் பள்ளிக்கூடத்துப் பழைய மாணவர் குழுவில் போன வாரம் ஒரு புகைப்படம் வந்தது. கஞ்சி போட்ட பருத்திப் புடவை, தோளில் ஊசி குத்திய முந்தானை, கையில் சாக்பீஸ், உதடு பிரியாத ஒரு சிரிப்பு. நம் சயின்ஸ் டீச்சர். காலமாகிப் பல வருடமாயிற்று. அந்தப் படத்துக்குக் கீழே ஆளாளுக்கு ஒரு கும்பிடு போட்டிருந்தீர்கள். ஒழுக்கம் கற்றுக்கொடுத்த தெய்வம் என்றார் ஒருவர். நகம் வெட்டச் சொல்லிக் கொடுத்த தாய் என்றார் இன்னொருவர். பெங்களூரில் மாடி மேல் மாடி கட்டியிருக்கும் ஒருவர், பாக்டீரியா பேரையெல்லாம் இன்றைக்கும் தூக்கத்தில் சொல்வேன், அது அவர் போட்ட பிச்சை என்று எழுதியிருந்தார். நினைவு மலர் ஒன்று போடப் போகிறோம், அவருக்கு உன்னைத்தான் ரொம்பப் பிடிக்கும், நீ கட்டாயம் எழுத வேண்டும் என்று எனக்குத் தனியாகவும் செய்தி அனுப்பினீர்கள்.

எழுதிவிட்டேன். மலரில் போடுவதும் போடாததும் உங்கள் இஷ்டம். போடமாட்டீர்கள் என்று எனக்குத் தெரியும். உங்களோடுதானே படித்தேன்.

நாம் ஏழாவது படித்த வருடத்து மழைக்காலம் அது. தங்கவயலில் மழை ஒரேயடியாகக் கொட்டிவிட்டுப் போகாது. விடிந்ததிலிருந்து பொழுது சாயும்வரை பிசுபிசுவென்று தூறிக்கொண்டே இருக்கும். தங்கம் பிரித்தெடுத்துக் கொட்டிய சயனைட் மண் மேட்டுத் தூசி அந்த மாதங்களில் மட்டும் அடங்கிக் கிடக்கும். அதனால் அம்மா துவைத்த துணி வெள்ளையாக இருக்கும், ஆனால் காயாது. அந்தக் குளிரைப் பற்றித்தான் இப்போது குட்டி இங்கிலாந்து, குட்டி இங்கிலாந்து என்று எழுதிக்கொண்டிருக்கிறீர்கள். இங்கிலாந்து உங்களில் சிலர் வீட்டில் இருந்தது. ஆபீஸ்காரர்களின் குவார்ட்டர்ஸில் ஓட்டுக்கூரையும் புகைபோக்கியும் இருந்தன. சுரங்கத் தொழிலாளிகள் குடியிருந்த எங்கள் லைனில் மூங்கில் தட்டிச் சுவர் நனைந்து, பூசிய மண் சோறு போல உதிரும். லைனுக்கு ஒரு குழாய். கக்கூஸ் அதற்கு இரண்டு எட்டு தள்ளி. மழை பெய்தால் இரண்டுக்கும் நடுவே ஒரே தண்ணீர்தான். இதை அங்கே கட்டியவர்கள் யாரும் அழுக்கானவர்கள் என்று பேர் வாங்கவில்லை. அங்கே குடியிருந்தவர்கள் வாங்கினார்கள்.

பள்ளிக்கூடத்தில் சுகாதார விழா நடத்த வேண்டும், கோலாரிலிருந்து பெரிய அதிகாரி வருகிறார் என்று ஹெட்மாஸ்டர் சொன்னதும், நாடகம் போடும் பொறுப்பை டீச்சர் தானாகவே எடுத்துக்கொண்டார். மனித உடம்பு என்கிற கோட்டையைக் கிருமிகள் முற்றுகையிடும். டாக்டர், சோப்பு, கொதித்த தண்ணீர், தடுப்பூசி ஆகிய நால்வரும் வந்து விரட்டுவார்கள். வேஷம் பிரித்துக் கொடுத்த நாள் உங்களுக்கு நினைவிருக்கிறதா? குவார்ட்டர்ஸ் பிள்ளைகள் எல்லாரும் ஒரு பக்கம் போனார்கள். டைம் ஆபீஸ் குமாஸ்தாவின் மகன் டாக்டர். ஆஸ்பத்திரி ஸ்டோர் கீப்பரின் மகள் சோப்பு. லைன் பிள்ளைகள் அத்தனை பேரும் கிருமி.

எங்களுக்கு மட்டும் ஏன் டீச்சர் கிருமி வேஷம் என்று எங்களில் யாரோ கேட்டார்கள். டீச்சர் கோபப்படவில்லை. சாக்பீஸைப் பெட்டியில் வைத்துவிட்டு, கையைக் கைக்குட்டையில் துடைத்துக்கொண்டு சொன்னார்:

"நீங்க கிருமியோடவே குடித்தனம் நடத்தறவங்க. உங்களுக்கு நடிக்கச் சொல்லிக் குடுக்கற வேலை எனக்கு மிச்சம்."

வகுப்பே சிரித்தது. இதைத்தான் நகைச்சுவை உணர்வு மிக்கவர் என்று நீங்கள் இப்போது எழுதுகிறீர்கள்.

எனக்கு டைஃபாய்டு கிடைத்தது. எங்கள் லைனுக்குப் பின்லைனில் இருந்த என் சினேகிதிக்குக் காலரா. அவளுடைய அம்மாதான் நம் பள்ளிக்கூடத்து ஆயா. பெருக்குவது, மணி அடிப்பது, பானையில் தண்ணீர் நிரப்பி மத்தியானம் எல்லாருக்கும் வார்ப்பது எல்லாம் அவர்தான். வராந்தாவில் நாம் குனிந்து கை குவித்தால் உயரத்திலிருந்து சொம்பைச் சாய்ப்பார். ஒரு சொட்டு சட்டையில் படாது. அவருடைய வீட்டுக்காரர் சுரங்கத்தில் கல்தூசி தின்று இருமியே போய்ச் சேர்ந்தவர். அந்த வருடத்து வகுப்பில் நம்மைப் பெயர் சொல்லி யாரும் கூப்பிடவில்லை. டைஃபாய்டு இங்கே வா, காலரா உட்காரு என்றுதான். என்னை நீங்கள் குழுவில் இன்றைக்கும் அப்படித்தான் கூப்பிடுகிறீர்கள்.

ஒன்றை மறைக்க மாட்டேன். அந்தப் பெயர்கள் எனக்குப் பிடித்திருந்தன. வீட்டில் கடுகு, உப்பு, ஷிஃப்ட், சங்கு என்று கேட்டே வளர்ந்த காதுக்கு ஸ்ட்ரெப்டோகாக்கஸ் என்பது மந்திரம் போல இருந்தது. ஸ்டாஃபிலோகாக்கஸ் திராட்சைக் குலை போலக் கொத்தாக இருக்கும். ஸ்ட்ரெப்டோகாக்கஸ் மணிமாலை போலக் கோத்துக்கொண்டு நிற்கும். டெட்டனஸ் கிருமிக்குக் காற்றே ஆகாது. மண்ணிலும் சாணியிலும் பதுங்கிக் கிடந்து, ஆணி குத்திய காலுக்குள் நுழையும், பார்க்க மேளம் அடிக்கும் குச்சி போல ஒரு முனையில் உருண்டை. டிஃப்தீரியாவின் கோரினிபாக்டீரியம் தொண்டையில் தோல் போல ஒரு படலம் விரித்து மூச்சை அடைக்கும். காசநோய்க் கிருமி மெழுகுச் சட்டை போட்டுக்கொண்டு, அவசரமே இல்லாமல் மெல்ல மெல்லப் பெருகும். காலரா கமா போட்டது போல வளைந்து, ஒற்றை வாலை ஆட்டிக்கொண்டு தண்ணீரில் ஓடும். நான் சால்மொனெல்லா டைஃபி. சின்னக் கம்பி போல உருவம், உடம்பெல்லாம் மயிரிழைகள், சோற்றோடும் தண்ணீரோடும் உள்ளே போவேன், சாயங்காலம் ஆக ஆகக் காய்ச்சலை ஏற்றுவேன். குழாயடியில் சண்டை வந்தால் நாங்கள் இவற்றைச் சொல்லித்தான் திட்டிக்கொள்வோம். போடி கோரினிபாக்டீரியம் என்று நான் ஒருத்தியைத் திட்ட, அவளுடைய அம்மா என்ன கெட்ட வார்த்தையோ என்று என் அம்மாவிடம் வந்து சண்டை போட்டார்.

வேஷங்களை ஆயாதான் தைத்தார். எனக்குச் சாக்குப்பை, அதில் சுற்றிலும் தேங்காய் நார் கோத்து மயிர் வைத்தார். காசநோயாக நடித்தவனுக்கு ஒரு பழைய வேட்டியை மெழுகில் தோய்த்துக் கொடுத்தார். அவன் நடந்தால் அது மொடமொடவென்று உடையும். தன் மகளுக்கு மட்டும் கொஞ்சம் அதிகப்படியாகச் செய்தார். மூங்கில் பிளாச்சை வளைத்து, அதன்மேல் தன் பழைய பச்சைப் புடவையைச் சுற்றி, பின்னால் நீளமாக ஒரு பின்னல் வால் வைத்திருந்தார். அதைப் போட்டுக்கொண்டு அவள் வராந்தாவில் வளைந்து வளைந்து ஓடும்போது காலராவே நேரில் பார்த்தால் வெட்கப்படும். ஆனால் வசனம் மட்டும் அவளுக்கு வராது. விப்ரியோ காலரே என்பது விப்பிரியா, விப்ரோயா என்று ஒவ்வொரு தடவையும் வேறு வேறாக வரும்.

வசனம் சரியாகச் சொன்னவர்களுக்கு டீச்சர் பரிசு வைத்திருந்தார். சனிக்கிழமை ஒத்திகை முடிந்ததும் டீச்சரின் குவார்ட்டர்ஸ் வீட்டிலிருந்து ஒரு தூக்குச்சட்டி வரும். மூடியைத் திறந்தால் வெனிலா வாசம். மஞ்சள் நிறக் கஸ்டர்டு, அதில் வாழைப்பழத் துண்டு, மாதுளை முத்து. லைனில் நாங்கள் அதுவரை அப்படி ஒன்றைப் பார்த்ததில்லை. பெயர், உருவம், உடம்பில் நுழையும் வழி, நோயின் அறிகுறி எல்லாவற்றையும் பிசகாமல் சொன்னால் ஒரு கண்ணாடிக் கிண்ணம் நிறையக் கிடைக்கும். அவர் முன்னாலேயே சாப்பிட வேண்டும். யாருக்கும் பங்கு தரக் கூடாது. படிக்காதவர்கள் பார்த்துக்கொண்டு நிற்க வேண்டும், அப்போதுதான் அவர்களுக்குப் புத்தி வரும் என்பது அவருடைய கல்வி முறை. நான் ஒரு சனிக்கிழமைகூட விடாமல் வாங்கினேன். டாக்டரும் சோப்பும் கொதித்த தண்ணீரும் வாங்கினார்கள். என் சினேகிதி ஒரு தடவைகூட வாங்கவில்லை. கிண்ணத்தைப் பார்க்காமல் மழையைப் பார்த்துக்கொண்டு நிற்பாள்.

ஒரு நாள் டீச்சர் இன்னொரு பாடமும் நடத்தினார். டைஃபாய்டு கிருமி சில பேர் உடம்பில் குடியிருக்கும், ஆனால் அவர்களுக்குக் காய்ச்சல் வராது, நோயில்லாமல் நன்றாக நடமாடுவார்கள், மற்றவர்களுக்கு மட்டும் கொடுத்துக்கொண்டே இருப்பார்கள் என்றார். பாடம் சரியான பாடம்தான். ஒரு எழுத்துகூடத் தப்பில்லை. பிறகு இதே நோயாளிகளின் மாதிரிகளைச் சோதிக்கும் லேபில் வேலை பார்த்துக் காலம் தள்ளியவள் என்ற முறையில் சொல்கிறேன். ஆனால் அதைச் சொல்லும்போது அவர் கண் வராந்தாவில் பானை கழுவிக்கொண்டிருந்த ஆயாவின் மேல் போய் நின்றது. எல்லாரும் திரும்பிப் பார்த்தோம். ஆயா யாரோ தண்ணீர் கேட்கிறார்கள் என்று நினைத்துச் சொம்பை எடுத்தார்.

விழா நெருங்கும்போது சோப்பு பள்ளிக்கு வரவில்லை. காய்ச்சல் என்றார்கள். பிறகு கொதித்த தண்ணீர். பிறகு டாக்டர். எனக்குப் பகலில் தலை கனத்தது, சாயங்காலம் உடம்பு கொதித்தது. அம்மா மழையில் நனைந்தாய் என்று மிளகு ரசம் வைத்தார். காய்ச்சல் காலையில் இறங்குவது போல இறங்கி, பொழுது சாய்ந்ததும் முந்தின நாளை விட ஒரு படி மேலே ஏறியது. நான் மனப்பாடம் செய்த வரிசை அப்படியே என் உடம்பில் நடந்தது. அம்மா, இது சால்மொனெல்லா என்று நான் சொன்னதற்கு, ஜன்னி கண்டுவிட்டது என்று அம்மா அழுதார்.

டாக்டர், சோப்பு, கொதித்த தண்ணீர், டைஃபாய்டு என்று எல்லாரும் ஆஸ்பத்திரியில் படுத்துவிட, காலரா மட்டும் ஆரோக்கியமாக மானாட்டம் ஓடிக்கொண்டிருந்தது. சயின்ஸ் டீச்சர் அதிலிருந்து அறிவியல் முறைப்படி ஒரு முடிவுக்கு வந்தார். இத்தனை பேர் படுத்தும் ஆயா மகளுக்கு மட்டும் ஏன் வரவில்லை? வீட்டிலேயே கிருமி பழகிப் போயிருக்கிறது. அப்படியானால் யார் கை வழியாக வருகிறது? தண்ணீர் ஊற்றுகிற கை வழியாக. பெற்றோர் கூட்டத்தில் அவர் இதை எடுத்துச் சொன்னபோது குவார்ட்டர்ஸ்காரர்கள் தலையாட்டினார்கள் என்பதில் எனக்கு ஆச்சரியம் இல்லை. லைன்காரர்களும் தலையாட்டினார்கள். என் அப்பாவும் அதில் இருந்தார்.

ஆயாவைச் சோதனைக்குப் போகச் சொன்னார்கள். ஒரு பழைய ஓவல்டின் டப்பாவில் தன் மலத்தை எடுத்துக்கொண்டு, ஆண்டர்சன்பேட்டைக் கடைத்தெரு வழியாக அவர் ஆஸ்பத்திரிக்கு நடந்தார். டப்பாவில் என்ன என்று தெருவுக்கே தெரிந்திருந்தது. பழ வண்டிக்காரன் வண்டியை ஓரம் தள்ளினான். ஒரு தடவை போதாது என்று மறுபடியும் கொண்டுவரச் சொன்னார்கள், மறுபடியும் நடந்தார். ஒவ்வொரு தடவையும் கிருமி இல்லை என்று முடிவு வந்தது. அதற்காக யாரும் மனசு மாறவில்லை. கிருமி இல்லாவிட்டாலும் பெற்றோர் பயப்படுகிறார்கள் என்று ஹெட்மாஸ்டர் காலைப் பிரேயரில் அவரை எல்லார் முன்னாலும் நிறுத்திவைத்து, நாளையிலிருந்து வர வேண்டாம் என்றார். கடைசி வேலையாக, நாடக வேஷங்களையெல்லாம் மைதானத்தில் போட்டுக் கொளுத்தச் சொன்னார்கள். தைத்த கையாலேயே கொளுத்தினார்.

இதை எனக்கு என் சினேகிதிதான் சொன்னாள். ஆஸ்பத்திரியில் என் கட்டில் ஜன்னலை ஒட்டி இருந்தது. உள்ளே விடமாட்டார்கள் என்பதால் அவள் வெளியே செங்கல் மேல் ஏறி நின்று கம்பியைப் பிடித்துக்கொண்டு பேசுவாள்.

"உன்னோட சாக்கு சீக்கிரம் எரிஞ்சிடுச்சி. காசநோய்தான் பொகஞ்சிக்கினே இருந்திச்சி, மெழுகுல்ல. என்னுத அம்மா கடைசில போட்டாங்க."

அவளுக்கு அழுகை வரவில்லை. எனக்கும் வரவில்லை. நாக்கு வெள்ளையாகத் தடித்து, கசப்பு மாத்திரையும் பார்லிக் கஞ்சியுமாக நான் கிடந்தேன். தலை சீவினால் முடி கொத்தாகக் கையோடு வந்தது.

பக்கத்து வார்டில் டாக்டர் இருந்தான். ஒரு நாள் மத்தியானம் அவனுக்கு வயிறு பலகை போல இறுகியது. குடல் ஓட்டையாகிவிட்டது என்று நர்ஸுகள் பேசிக்கொண்டார்கள். ஆபரேஷனுக்கு எடுத்துப் போனார்கள். சாயங்காலம் அவனுடைய அம்மா வராந்தாவில் கத்தியது எங்கள் வார்டில் கேட்டது. நர்ஸ் வந்து ஜன்னலையெல்லாம் சாத்தினார். பிறகு பல வருடம், பேச்சுப் போட்டிக்கு அவன் பெயரில் ஒரு வெள்ளிக் கோப்பை கொடுத்தார்கள். அதை ஆண்டு விழாவில் எடுத்துக் கொடுத்தவர் யார் என்று உங்களுக்கே தெரியும். வாங்கிய உங்களில் இரண்டு பேர் அந்தப் படத்தையும் குழுவில் போட்டிருக்கிறீர்கள்.

ஒரு பிள்ளை செத்த பிறகுதான் கோலாரிலிருந்து ஆள் வந்தது. பெரிய அதிகாரி வரவில்லை. இளவயது டாக்டரம்மா ஒருவர் மழைக்கோட்டோடு வந்தார். கன்னடக்காரர், தமிழைக் கல் பொறுக்குவது போல நிறுத்தி நிறுத்திப் பேசினார். ஒவ்வொரு கட்டிலாக உட்கார்ந்து, காய்ச்சலுக்கு முன் வீட்டில் என்ன சாப்பிட்டாய், கடையில் என்ன வாங்கினாய், பள்ளிக்கூடத்தில் என்ன கொடுத்தார்கள் என்று கேட்டார். அதுவரை அந்தக் கேள்வியை எங்களிடம் ஒருவர்கூடக் கேட்கவில்லை. நான் கஸ்டர்டு என்றேன். அடுத்த கட்டிலும் கஸ்டர்டு என்றது. அதற்கடுத்ததும். யார் செய்தது என்று கேட்டுவிட்டு, அதைச் சாப்பிடாத பிள்ளை யாராவது உண்டா என்றார். நான் ஜன்னலைக் காட்டினேன். கம்பிக்கு வெளியே ஈரத் தலையோடு அவள் நின்றுகொண்டிருந்தாள்.

டாக்டரம்மா அவளைப் பார்த்து, ஏன் உனக்குத் தரவில்லை என்றார்.

"எனக்குப் பேரு சொல்ல வராது," என்றாள்.

டீச்சரைச் சோதனைக்குக் கூப்பிட்டபோது அவர் முதலில் வர மறுத்தார். பிறகு ஹெட்மாஸ்டரின் துணையோடு, பின்வாசல் வழியாக, காரில் வந்து போனார். கிருமி இருந்தது. திரும்பப் பார்த்தார்கள், திரும்பவும் இருந்தது. காலேஜ் ஹாஸ்டலில் இருந்தபோது நாள்பட்ட காய்ச்சல் வந்து பிழைத்தவராம். அன்றிலிருந்து பித்தப்பையில் குடியிருந்திருக்கிறது. கஸ்டர்டு காய்ச்சும்போது எதுவும் பிழைக்காது; ஆறிய பிறகு பழம் நறுக்கிப் போட்ட கைதான் காரணம் என்று டாக்டரம்மா வார்டில் எங்கள் அம்மாக்களிடம் விளக்கினார்.

"அவரு மேலே தப்பு இல்ல. அவருக்கே தெரியாது. ஆனா இனிமே அவரு கையாலே யாருக்கும் தின்ன குடுக்க கூடாது. அது மட்டும்தான்."

நானும் அதையேதான் சொல்கிறேன். கிருமியைச் சுமப்பது குற்றம் இல்லை. யார் உடம்புக்குள் எது குடியேறும் என்று யாரும் எழுதி வாங்கி வருவதில்லை. அதற்காக நான் அவரை ஒரு நாளும் வெறுத்ததில்லை. அதன்பிறகு அவர் செய்ததற்காகத்தான். அதைப் பார்த்துக்கொண்டு வாயில் கொழுக்கட்டை வைத்துக்கொண்டிருந்த பெரியவர்களுக்காகவும்தான்.

ஹெட்மாஸ்டர் இந்த விஷயம் வெளியே போகக் கூடாது, பள்ளிக்கூடத்தின் பேர் கெட்டுவிடும் என்றார். டீச்சருக்குச் சில வாரம் லீவு கொடுத்தார்கள், மூட்டுவலி என்று. லேபில் மாதிரிகள் மாறிவிட்டன, ஆயாவின் டப்பாவையும் தன்னுடையதையும் குழப்பிவிட்டார்கள் என்று டீச்சர் பார்க்கிறவர்களிடமெல்லாம் சொன்னார். தாங்கிப் பேச ஆள் இருந்தது. இப்படிக் கஞ்சி போட்டுப் புடவை கட்டுகிறவர் வயிற்றில் கிருமியா என்று எங்கள் குழாயடியிலேயே கேட்டார்கள்.

ஆயாவுக்கு மட்டும் ரகசியமாக ஆள் அனுப்பினார்கள். நடந்தது நடந்துவிட்டது, திங்கட்கிழமையிலிருந்து வேலைக்கு வரட்டும், எதையும் பெரிதுபண்ண வேண்டாம் என்று. ஆயா பள்ளிக்கூடத்துக்குப் போனார். உள்ளே போகாமல் ஹெட்மாஸ்டர் அறை வாசலிலேயே நின்று சொன்னாராம்:

"பிரேயர்ல நிக்கவெச்சித்தான என்ன வராதன்னு சொன்னீங்க சார். அதே பிரேயர்ல டீச்சரம்மாவ வந்து, கிருமி இந்தம்மாகிட்ட இல்லன்னு சொல்லச் சொல்லுங்க. வேற ஒண்ணும் வாணாம். அப்பால வந்து மணி அடிக்கறேன்."

அது நடக்கவில்லை. நடக்காது என்று ஆயாவுக்கும் தெரிந்திருக்கும். கொடுத்த வேலையை வாங்கிக்கொண்டு போக வேண்டியதுதானே, இதற்கு இன்னா இவ்வளவு ரோஷம் என்று லைனில் பேசினார்கள். அதைச் சத்தமாகப் பேசியவர் என் அப்பா. ஞாயிற்றுக்கிழமை புத்த விகாரத்தில் எழுந்து நின்று, கண்ணால் காணாததை நம்பாதே, எவனுக்கும் தலை குனியாதே என்று பேசுகிறவர். பேச்சு நன்றாகத்தான் இருக்கும். கைதட்டுவார்கள்.

நான் வீட்டுக்கு வந்த பிறகு ஒரு ஞாயிற்றுக்கிழமை டீச்சர் எங்கள் லைனுக்கு வந்தார். அதுவரை அவர் அந்தப் பக்கம் கால் வைத்ததில்லை. புடவையைக் கணுக்கால் வரை தூக்கிப் பிடித்து, சேற்றுக்கு நடுவே கல் கல்லாகத் தாண்டி வந்தார். கையில் அந்தத் தூக்குச்சட்டி. காய்ச்சலில் படுத்த லைன் பிள்ளைகள் வீட்டுக்கெல்லாம் போய்க்கொண்டிருந்தார். அப்பா அவசரமாகச் சட்டை மாட்டினார், ஸ்டூலைத் துண்டால் துடைத்தார், தான் சுவரோடு ஒட்டி நின்றுகொண்டார். சுரங்க ஷாஃப்டில் ஆள் இறக்கும் கேஜ் அறுந்து தொங்கியபோது உள்ளே நின்று பாட்டுப் பாடியதாகச் சொல்வார்களே, அதே மனிதர். ஸ்டூலில் ஒரு பொம்பளை உட்கார்ந்ததும் கையைக் கட்டிக்கொண்டார்.

டீச்சர் மூடியைத் திறந்தார். வெனிலா வாசம் வீடு முழுக்கப் பரவியது.

"யாரோ எதையோ கிளப்பி விட்டிருக்காங்க. நீங்க படிக்காதவங்க, நம்பிடுவீங்க. அதான் நானே வந்தேன். இதோ, முதல்ல நானே சாப்பிடறேன்."

ஒரு கரண்டி எடுத்து வாயில் போட்டுக்கொண்டார். தன் வயிற்றில் ஏற்கெனவே இருக்கும் கிருமி தன்னை ஒன்றும் செய்யாது என்பது அவர் எங்களுக்கு நடத்திய பாடம். அந்தப் பாடத்தை ஒப்பித்ததற்குத்தான் எனக்குக் கிண்ணம் கிண்ணமாகக் கொடுத்தார். அவருக்கு அது மறந்திருக்கும் என்று நான் நம்பவில்லை. எங்களுக்குத் தெரியாது என்று நினைத்தார்.

பாப்பாவுக்குக் கஞ்சி மட்டும்தான் தரச் சொல்லி இருக்காங்க என்று அம்மா மெல்லச் சொல்லிவிட்டு, என்னைத் தன் பின்னால் இழுத்துக்கொண்டார். டீச்சர் கிண்ணத்தை அப்பாவிடம் நீட்டினார். நான் வேண்டாம் அப்பா என்றேன். காதில் விழுந்த மாதிரியே காட்டிக்கொள்ளவில்லை. இரண்டு கையாலும் வாங்கி, நின்றபடியே கடைசிச் சொட்டு வரைக்கும் வழித்துச் சாப்பிட்டார்.

"ரொம்ப நல்லா கீதும்மா," என்றார்.

அவருக்கு ஒன்றும் ஆகவில்லை. நான் நாள் பார்த்துக்கொண்டே இருந்தேன். தலைவலிகூட வரவில்லை. எல்லாருக்கும் வந்தாக வேண்டும் என்று ஒன்றும் இல்லை. அந்த வயதுக்குள் அவர் எத்தனை தடவை அந்தக் கிருமியைக் குடித்துத் தாங்கியிருப்பாரோ, எங்கள் குழாய்த் தண்ணீருக்கே வெளிச்சம். ஆனால் அவருக்கு அது அத்தாட்சியாகப் போய்விட்டது. நானே சாப்பிட்டேன், கல்லு மாதிரி நிற்கிறேன், டாக்டரம்மா சொன்னது பொய் என்று கேஜிலும் சாராயக் கடையிலும் விகாரத்திலும் சொன்னார். கேட்டவர்கள் நம்பினார்கள். டீச்சர் சுத்தம் என்று ஆகிவிட்டால் அப்புறம் கிருமி யாரிடம் இருந்தது? அதை யாரும் வாய்விட்டுச் சொல்லத் தேவைப்படவில்லை. ஆயாவின் வீட்டுக்கு விருந்தாளி வருவது நின்றது. கல்யாண வீட்டில் அவர் காய் நறுக்க உட்கார்ந்தால், அரிவாள்மனையை வேறு யாராவது மரியாதையாக வாங்கிக்கொண்டார்கள். டீச்சர் மாலையும் பொன்னாடையுமாக ரிடையர் ஆகும் வரை அந்தப் பள்ளிக்கூடத்திலேயே இருந்தார்.

தீபாவளிக்கு முன் ஆயா பங்காருபேட்டையில் இருந்த தன் அண்ணன் வீட்டுக்கே போய்விடுவது என்று முடிவு செய்தார். கிளம்புகிற அன்று என் சினேகிதி சொல்லிவிட்டுப் போக வந்தாள். வாசல் கல்லுக்கு வெளியிலேயே நின்றாள். உள்ளே வா என்று கூப்பிட்டேன். யார் வீட்டுக்குள்ளும் காலெடுத்து வைக்கக் கூடாது என்று அம்மா சொல்லியிருக்கிறார்கள் என்றாள். என் தலையில் அப்போது முடி புதிதாக முளைத்து மொட்டையாக இருந்தது. தொட்டுப் பார்த்துவிட்டு, கோழிக்குஞ்சு மாதிரி இருக்கிறது என்றாள்.

அப்பா உள்ளே உட்கார்ந்து பூட்ஸுக்கு எண்ணெய் போட்டுக்கொண்டிருந்தார். அவரால் சும்மா இருக்க முடியவில்லை.

"உங்கம்மாகிட்ட சொல்லு பாப்பா. ஒருத்தர் மேல வீணா பழி போடக் கூடாது. டீச்சரம்மா குடுத்தத நானே துன்னேன். எனக்கு இன்னா ஆச்சி?"

அவள் அவர் பக்கம் திரும்பினாள். குரலை உயர்த்தவில்லை. தெரியாமல் கேட்கிற மாதிரிதான் கேட்டாள்.

"எங்கம்மா கையால எதனா வாங்கித் துன்னுக்கிறீங்களா மாமா?"

அப்பா எண்ணெய்த் துணியைக் கீழே வைத்தார். என்னைப் பார்த்தார், அம்மாவைப் பார்த்தார். அம்மா அடுப்பைப் பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு பூட்ஸை மாட்டிக்கொண்டு, ஆணியில் தொங்கிய சாப்பாட்டுப் பையை எடுத்து, அவளை வழி விடச் சொல்லாமல் தானே ஒரு பக்கமாக ஒதுங்கி வெளியே போனார். பை காலியாக இருந்தது. அம்மா இன்னும் சோறே வடிக்கவில்லை. ஷிஃப்டுக்குச் சங்கு ஊத இன்னும் வெகுநேரம் இருந்தது.